இவருக்குப் பதில் இவர்

வெயிலுகந்தபட்டி சந்தைத் திடலுக்கு மேலே அந்த விண்கலம் வந்து நின்றது ஒரு திங்கட்கிழமை காலையில், வெங்காய லாரிகள் வந்து சேர்கிற நேரத்தில். மூன்று பனை உயரத்தில், சாம்பல் நிறத்தில், சினைப்பசுவின் வயிறு போல உப்பிய அடிப்பாகத்தைக் காட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் நின்றது. லாரிக்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். "நிழல் அங்கிட்டு விழுது, வண்டிய அங்கிட்டு ஒதுக்கு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அதற்கு மேல் அன்றைக்கு யாரும் எதுவும் சொன்னதாக ஊரில் நினைவில்லை. இத்தனை ஊர் இருக்க ஏன் இந்த ஊர் என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. இருந்த ஆலமரம் கருகி, மிச்சமிருந்த வேப்பமரங்களை நான்குவழிச் சாலை தின்று, சித்திரை மாதத்தில் காக்கை தன் நிழலிலேயே தான் ஒதுங்க இடம் தேடுகிற ஊருக்கு ஒரு நிழல் வந்து சேர்ந்தால், வந்த நிழலிடம் பூர்வீகம் விசாரிப்பது மரியாதை இல்லை என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

தவிர, விசாரிக்க ஒன்றும் இருக்கவில்லை. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை காலை டிவியில் எல்லோரும் பார்த்த அதே கலம்தான் அது. 'ஓங்கில்' தொடரில் வருகிற ஓங்கில். வலது இறக்கையில் அதே தீக்காயம், வாலில் அதே ஒட்டு. அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை டிவியில் என்ன நடந்ததோ அது அதே நேரத்தில் மேலேயும் நடந்தது. டிவியில் விளக்கு அணைந்தால் மேலே சன்னல்கள் இருண்டன. டிவியில் சண்டை என்றால் மேலே தட்டுமுட்டுச் சாமான் உருண்டது. மற்ற நாட்களில் உள்ளே இருப்பவர்கள் சன்னலோரம் வந்து துணி உலர்த்தினார்கள், கையசைத்தால் பதிலுக்குக் கையசைத்தார்கள்.

ஊர் அதற்கு ஏற்றபடி தன்னைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டது. காய்கறிக் கடைகள் நடுத்திடலுக்கு வந்தன. பேருந்து நிறுத்தத்துக்குக் 'கப்பலடி' என்று பெயர் விழுந்தது. கல்யாணக்காரர்கள் பந்தல் செலவைக் கழித்தார்கள். வற்றல் போடுகிற பெண்கள் மட்டும் இரண்டு நாள் ஏசிவிட்டு மொட்டைமாடிக்குப் போனார்கள். கோபுரத்தைவிட உயரமாக ஊரில் எதுவும் இருக்கலாகாது என்று ஒரு பேச்சு கிளம்பியபோது, கட்டினதுக்குத்தான் அந்தக் கணக்கு, பறக்கிறதுக்கு இல்லை, பருந்தை நாம் கேட்கிறோமா என்று பூசாரியே தீர்த்து வைத்தார்.

இதையெல்லாம் சந்தைக்கு எதிரே கிளை நூலகத்தின் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் நூலகர் பூரணவல்லி. கும்பகோணத்திலிருந்து மாற்றலாகி வந்தவள். மாமா, மதினி, சித்தி, கொழுந்தன் என்று ஆளுக்கு ஒரு முறை வைத்துக் கூப்பிடாமல் உப்புக்கூட வாங்க முடியாத ஊரில், முறை இல்லாமல் வெறும் 'லைப்ரரியம்மா'வாக இருந்தவள் அவள் ஒருத்திதான். ஓங்கில் என்றால் கடல்புரத்தில் டால்பின் என்று வெங்காயம் வாங்க வந்த இடத்தில் விளக்கினாள். யாரும் கேட்கவில்லை என்பது அவள் விளக்கத்தை எப்போதும் சுருக்கியதில்லை.

அவளுக்கு அந்தத் தொடர் பிடித்திருந்தது. அவளுக்கு ஒன்று பிடிப்பது அவ்வளவு லேசில்லை. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பது பழமொழி மட்டுமில்லை, இலக்கணம் என்று நினைக்கிறவள். ஓங்கில் பொருந்தச் சொன்னது. வற்றிப்போன பூமியிலிருந்து ஏழு பேர் கிளம்புகிறார்கள். தலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர். முதல் வாரத்தில் அளந்த டம்ளர் பத்தாவது வாரத்திலும் அதே டம்ளர். கலத்துக்கு வெளியே காற்றில்லை, அதனால் வெளியே நடக்கிற காட்சிகளில் சத்தமும் இல்லை. அப்படி முதன்முதலில் சத்தம் நின்றபோது ஊரே டிவியின் மண்டையில் தட்டியது, மெக்கானிக்கைக் கூப்பிட்டது. பிறகு பழகி, அந்த மௌனம் வந்ததும் கைக்குழந்தைகள்கூட வாயை மூடிக்கொண்டன. லாரி வரும் நாளைப் பார்த்துக் குடத்தோடு காத்திருக்கிற ஊருக்கு, டம்ளர் தண்ணீரைப் பங்கு வைக்கிற கப்பலைப் புரிந்துகொள்ள அறிவியல் வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வொரு வாரமும் முடிகிறபோது தலைவி அரியநாயகி சன்னலோரம் நின்று, "நாம் எங்கே இருக்கிறோம்?" என்று கேட்பாள். பொறிவேலை பார்க்கிற செவத்தையா குனிந்த தலை நிமிராமல், "இருக்கிற இடத்துலதான்" என்பான். திருகாணியை முடுக்கி முடித்ததும் கட்டைவிரலால் அதை மூன்று தட்டுத் தட்டி, "போதும், இனி திருகாணி பாத்துக்கும்" என்பதும் அவன்தான். அதைச் சொல்லாமல் அந்த ஊரில் அப்போது யாரும் சைக்கிளுக்குக் காற்றுக்கூட அடித்ததில்லை. ஒரு வாரம், தண்ணீர் பங்கு வைக்கிற நேரத்தில், அவன் சொன்னான்: "ஊர்ல எனக்கு ஒரு அக்கா இருக்கா. பேரைச் சொன்னா இங்க இருக்கிற தண்ணி பத்தாது." அவ்வளவுதான். அந்த அக்காவின் பெயரை அவனும் சொல்லவில்லை, எழுதியவரும் சொல்லவில்லை.

முதல் பாகத்தின் கடைசி வாரம், குளிரூட்டும் வால்வு கழன்று ஏழு பேரும் சாக இருந்தபோது, செவத்தையா வெளியே போய் அதை மூடினான். சத்தமே இல்லை. மூன்று முறை கட்டைவிரலால் தட்டினான். ஆறு பேர் பிழைத்தார்கள். "மண் தெரிகிற இடத்தில் இவனை இறக்குங்கள்" என்று அரியநாயகி சொன்னதோடு பாகம் முடிந்தது.

அவர்களுக்குக் கீழே தெரிந்த மண் வெயிலுகந்தபட்டிதான். மறுநாள் காலை, சாம்பல் கம்பளியில் சுற்றி, நெஞ்சின் மேல் ஒரு ஸ்பேனரோடு, கயிற்றில் அவன் இறங்கி வந்தான்.

ஊரில் சுடுகாடு ஒன்றுக்கு மேல் இருந்தது. ஏன் என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செவத்தையா என்கிற பெயர் எல்லாப் பக்கத்திலும் இருக்கிற பெயர் என்பதால் ஒவ்வொரு தெருவும் எங்காள், எங்காள் என்று பாடையோடு வந்து நின்றது. இறந்தவனைத் தள்ளிவிடுவதற்குச் சண்டை போட்ட ஊர், இறந்தவனைக் கேட்டுச் சண்டை போட்டது அதுதான் முதல்முறை. உடல் வெயில் ஏற ஏறக் கிடந்தது. பூரணவல்லி நூலகத்தைப் பூட்டிவிட்டு இறங்கி வந்தாள்.

"சந்தையிலேயே புதைங்க. எல்லாரும் வர்ற இடம் அது ஒண்ணுதான்" என்றாள்.

"மொதப் பிடி மண்ணு யாரு போடுறது? ரத்த உறவு வேணும்ல?" என்று கேட்டான் மூட்டை இறக்குகிற கொம்பையா.

அவள் கொஞ்ச நேரம் அந்தக் கம்பளியைப் பார்த்தாள். "அவனுக்கு ஒரு அக்கா உண்டு. பேரு சொல்லல. நான்தான்னு வெச்சுக்கோங்க."

ஊர் வைத்துக்கொண்டது. அவள் மண் போட்டாள். ஆண்கள் மொட்டை போட்டார்கள். பதினாறாம் நாள் எல்லாத் தெருவும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, ஒரு பந்தல் கூட இல்லாமல், அந்த நிழலில் சாப்பிட்டது. அன்றிலிருந்து அவள் லைப்ரரியம்மா இல்லை. வயதில் மூத்தவர்களுக்கு மகள், இளையவர்களுக்கு அக்கா, அவர்கள் பெண்டாட்டிகளுக்கு மதினி, பிள்ளைகளுக்கு அத்தை. எழுதியவர் வெறுமனே விட்டுவைத்த ஓர் இடத்தில் ஒருத்தி போய் உட்கார, ஊரே அவளுக்கு உறவாகிவிட்டது. நல்ல கதை அப்படித்தான் இடம் விட்டு வைக்கும்.

கெட்ட கதைக்கு இடம் விடத் தெரியாது. அதைப் பற்றித்தான் இனிச் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்கிறபோதே வயிறு எரிகிறது.

இரண்டாம் பாகம் தொடங்கியபோது பெயர்ப் பட்டியலில் 'கதை, வசனம்' என்ற இடத்தில் இருந்த ஒற்றைப் பெயர் போய், 'கதைக் குழு' என்று வந்தது. அந்தக் குழுவில் ஆளுக்கு ஒரு வாரம் எழுதுவார்களாம். முந்தின வாரத்தை யாரும் பார்ப்பதில்லையாம். முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் பிறகு தமிழில் ஆக்குவார்களாம். முதல் வார முடிவில் அரியநாயகி வழக்கம்போல் சன்னலோரம் வந்து நின்று, "நாங்கள் எங்கே இருக்கிறோம்?" என்று கேட்டாள்.

பூரணவல்லி பாயிலிருந்து எழுந்துவிட்டாள். நாம் என்றால் கேட்கிறவனும் சேர்த்தி. நாங்கள் என்றால் கேட்கிறவனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அந்த ஒரே சொல்லைப் பார்த்துத் தமிழாக்கினவனுக்குத் தான் யாரை வெளியே தள்ளினோம் என்றுகூடத் தெரியாது. தள்ளினதைவிட அந்தத் தெரியாமைதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை லாரியின் உச்சியில் நின்று மூட்டை தள்ளிக்கொண்டிருந்த கொம்பையா கையை மேலே நீட்டிப் பார்த்துவிட்டு, "யக்கா, கப்பல் கொஞ்சம் எறங்கிருக்கு" என்றான்.

அது அதன் பிறகு இறங்கிக்கொண்டேதான் இருந்தது. தண்ணீர் டம்ளர் என்ன ஆயிற்று என்று சொல்லாமலே கப்பலுக்குள் நீச்சல்குளம் வந்த வாரம் ஒரு முழம் இறங்கியது. பிரஷர் குக்கர் கம்பெனி விளம்பரதாரராகச் சேர்ந்த வாரம் மேலே சன்னல்களிலிருந்து விசில் சத்தம் கேட்டது, இன்னொரு முழம். அரியநாயகிக்குச் சனிக்கிரகத்திலிருந்து மாமியார் வந்தபோது பனைமட்டத்துக்கு வந்துவிட்டது. காற்றில்லாத வெளியில் இடி இடித்தது. ஒருவர் ஒன்று சொன்னால் மற்ற ஐந்து பேரும் மூன்று முறை தலையைத் திருப்பினார்கள்; சன்னலோரம் துணி உலர்த்த வருகிறவர்களுக்கும் அந்த நோய் தொற்றி, கீழேயிருந்து கையசைத்தால் மூன்று முறை வெடுக் வெடுக்கென்று திரும்பிவிட்டுத்தான் பதிலுக்குக் கையசைத்தார்கள். மாமியார் அழவைக்கிற வாரங்களில் மேலிருந்து கிளிசரின் தூறியது. வெங்காயக் கடைப் பெண்கள், "எங்களுக்கு இது வேறயா?" என்று குடை பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரியநாயகி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். வந்தது வேறொரு பெண். திரையின் அடியில் ஒரு வரி ஓடியது: 'இனி இவருக்குப் பதில் இவர்.' மேலே சன்னலிலும் புது முகம். ஊர் அவளுக்கும் கையசைத்தது. மூன்று வாரத்தில் பழைய முகம் மறந்துபோயிற்று. அதுமட்டுமில்லை, அந்த வரி ஊருக்குப் பிடித்துப்போய், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் லீவு போட்டால் உடற்பயிற்சி வாத்தியார் கணக்கு எடுக்க வந்து, "இவருக்குப் பதில் இவர்" என்று தன்னையே காட்டிச் சிரித்தார். நிச்சயித்த மாப்பிள்ளை ஓடிப்போன ஒரு வீட்டில் தம்பிக்காரனை மணையில் உட்கார வைத்து அதே வரியைச் சொன்னார்கள், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பழகிக்கொள்வதில் அந்த ஊரை மிஞ்ச ஆளில்லை. நிழல் வந்தபோது எது அவர்களுடைய பெருமையாக இருந்ததோ, அதுவே இப்போது பூரணவல்லிக்கு ஆத்திரமாக இருந்தது.

"என்னய்யா அநியாயம் இது? நேத்து வேற ஒருத்தி, இன்னைக்கு வேற ஒருத்தி. கேக்க மாட்டீங்களா?"

"நாலு நாள் பாத்தாப் பழகிரும் யக்கா" என்றான் கொம்பையா. "ஒங்களுக்குப் பிடிக்கலேன்னா பாக்காம இருக்கலாம்ல?"

"பாக்காம இருந்தா அப்புறம் யாருய்யா திட்டுறது?"

அது நியாயமாகத்தான் பட்டது அவனுக்கு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவள் திட்ட, கொம்பையா மூட்டைக்கு மூட்டை "ஆமா யக்கா" போட, கப்பல் அவன் தலைக்கு மேலே இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும். லாரிகள் திடலுக்குள் வர முடியாமல் போயிற்று. தெருவிளக்குக் கம்பத்தின் உயரத்துக்கு வந்தது. பிறகு உயரமான ஆட்கள் குனிந்து வெங்காயம் வாங்கினார்கள். நிழலும் முன்னைப்போல இல்லை. பரண் அடியில் இருக்கிற மாதிரி ஒரு புழுக்கம். செவத்தையாவின் சமாதி மட்டும் வால்பக்கத்தில் கொஞ்சம் தள்ளி இருந்ததால் அங்கே மூச்சுவிட முடிந்தது. கார்த்திகைக்குக் கார்த்திகை அவள் அங்கே விளக்கு வைத்தாள்.

ஐந்தாம் பாகம் பாதியில் நிற்கும்போது அந்த விளம்பரம் வந்தது. 'மீண்டும் வருகிறான் செவத்தையா! வரும் ஞாயிறு!' இடி, மின்னல், மூன்று திருப்பம். அன்றைக்குச் சாயங்காலம் சமாதியின் மேல் மண் ஒரு கோடு விட்டது.

மறுநாள் ஒரு வெள்ளைக் கார் வந்தது. அதிலிருந்து தொடரின் தலைமைப் பொறுப்பாளர் ரோஷன் இறங்கி, கப்பலின் வயிற்றுக்குக் கீழே குனிந்து நடந்து வந்தார். ஐந்து பாகங்களாக அந்தக் கலத்தை நடத்துகிறவர் அதை நேரில் பார்ப்பது அன்றுதான். பார்த்த முகத்தில் ஆச்சரியமும் இல்லை, தலை இடித்துவிடுமோ என்கிற கவலைதான் இருந்தது.

"நீங்கதான் அந்த அக்காவா மேடம்? சூப்பர். ஊர்ல சொன்னாங்க" என்றார். "ஒரு சின்ன விஷயம். அக்கா கேரக்டருக்கு நாங்க ஆள் போட்டுட்டோம். வில்லி. தம்பியை விண்வெளிக்கு அனுப்பிட்டுச் சொத்தை எழுதி வாங்கிக்கறாங்க."

"சொத்தா? பூமி வத்திப்போய்த்தானே கப்பலே கெளம்புச்சு. வத்தின பூமியில என்ன சொத்து?"

"அது முதல் பாகம் மேடம். அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"எனக்கு."

"எனக்கும்" என்றான் கொம்பையா. வெங்காயக் கடைகளிலிருந்து இன்னும் சில எனக்கும்கள் வந்தன.

ரோஷன் சிரித்தார். "பழசு எல்லாருக்கும் இனிக்கத்தான் செய்யும் மேடம். நாங்க இன்னைக்குப் பாக்கிறவங்களுக்குச் செய்றோம்."

"பழசுன்னு இனிக்கல தம்பி. முதல் பாகத்துலயும் ஆறாவது வாரம் குப்பை, நான் அப்பவே சொல்லிருக்கேன். கேளுங்க, இங்க எல்லாருக்கும் தெரியும்." "ஆமா, சொன்னாக" என்றது சந்தை. "அதுல செத்தவன் செத்தான். சொன்ன சொல்லு நின்னுச்சு. இப்ப எதை நம்பி நான் பயப்படணும்? எவன் செத்தாலும் அடுத்த மாசம் வந்துருவான்னா எவன் பொழச்சா எனக்கென்ன?"

"மேடம், நாங்க என்ன பண்றது, மக்கள் கேக்கிறாங்க. போன்ல ஓட்டுப் போடச் சொன்னோம்ல, செவத்தையா திரும்ப வரலாமான்னு? ஆமான்னு அதிகம் விழுந்ததே உங்க ஊர்லேர்ந்துதான்."

சந்தையில் சத்தம் அடங்கியது. முதல் பாகத்தில் கலத்துக்கு வெளியே இருந்த மாதிரி ஒரு மௌனம். கொம்பையா தரையைப் பார்த்தான்.

"ஆசையில அமுக்கிட்டேன் யக்கா."

தராசுகளுக்குப் பின்னால் எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மொட்டை போட்ட தலைகள்.

"கேட்டதைக் குடுக்க வெங்காயக் கடை போதும்யா" என்றாள் கடைசியில், யாரைப் பார்த்து என்று தெரியாமல். "கதை எதுக்கு?" பிறகு ரோஷனிடம் திரும்பினாள். "சமாதியைத் தோண்ட விடமாட்டேன்."

"தோண்ட வேண்டாம் மேடம். தானா வரும். நாங்க எழுதியாச்சே" என்றார் ரோஷன். அவர் ஒவ்வொரு முறை நாங்க என்றபோதும் மேலே ஒரு கிறீச்சு. அவர் காருக்குத் திரும்பியபோது வரும்போது குனிந்ததைவிட அதிகம் குனிய வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கொம்பையா கிடங்கைத் திறந்து வெங்காய மூட்டைகளைச் சுமந்து வந்து சமாதியின் மேல் அடுக்கினான். ஏன் என்று கேட்டதற்கு, "கனமா இருக்கட்டும்" என்றான். அவன் அடுக்கினதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். மூட்டை தீர்ந்ததும் மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். இடமில்லாதவர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். அன்று பந்தியில் உட்கார்ந்த மாதிரியே எல்லாத் தெருவும் கலந்து இருந்தது. பூரணவல்லி தலைமாட்டில் உட்கார்ந்தாள். தேநீர்க் கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

தொடர் ஆரம்பித்தது. மேலே இடி. மூட்டைகள் ஆடின. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து மூட்டைகளை அமுக்க, மண்ணுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"யக்கா."

அந்தச் சொல்லை அவன் அவளை நோக்கிச் சொன்னது அதுதான் முதல்முறை. தொடரில் அதற்கு இடம் வந்ததே இல்லை.

"சொல்லுப்பா."

"எந்திரிக்கச் சொல்றாக. எந்திரிக்கவா?"

"எந்திரிக்கட்டுமே யக்கா" என்றான் கொம்பையா, மூட்டையைக் கட்டிப் பிடித்தபடியே. "நம்ம புள்ளதானே. கண்ணால ஒருதரம் பாப்போமே." யாரும் அவனை அதட்டவில்லை. அவளுக்கும் அந்த முகத்தை ஒருதரம் பார்த்தால் போதும் என்றுதான் இருந்தது. ஆனால் அந்த முகத்தோடு நடித்தவர் வேறு சேனலுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது என்பதும் தெரிந்திருந்தது. அதிகம் படித்தால் இது ஒரு தொல்லை.

"எந்திரிச்சு என்னய்யா செய்வ?" என்று கேட்டாள்.

"தெரியல யக்கா. இன்னும் எழுதிக் குடுக்கல."

"வால்வை மூடினியே, அது?"

"மூடலைன்னு சொல்றாக. அது கனவாம்."

"ஆறு பேரு பொழச்சது?"

"அதுவும் கனவுதானாம்."

கூட்டத்தில் யாரோ, "அடப் பாவிகளா" என்றார்கள். அன்று சாப்பிட்ட பதினாறாம் நாள் சோறும், விழுந்த முடியும், எல்லாத் தெருவும் சேர்ந்து தூக்கிய பாடையும், இவளுக்கு வந்த அத்தனை உறவுமுறையும் அந்த ஒரு சொல்லுக்குள் போய்க்கொண்டிருந்தன. கொம்பையா மூட்டையைவிட்டு எழுந்து நின்றான். "கனவா? நான் தூக்குனேன்யா. கனம் இன்னும் தோள்ல இருக்கு" என்று மேலே பார்த்துக் கத்தினான்.

பூரணவல்லி மண்ணில் கையை வைத்தாள்.

"அப்ப எந்திரிக்காத. நீ மூடின வால்வு மூடினதுதான். படுத்துக்கோ சாமி."

கையடியில் மண் ஒருமுறை ஏறி இறங்கியது, பெருமூச்சு மாதிரி. பிறகு உள்ளேயிருந்து மூன்று தட்டு, கட்டைவிரலால் தட்டுகிற மாதிரி. "போதும் யக்கா. இனி திருகாணி பாத்துக்கும்."

தேநீர்க் கடை டிவியில் அந்த நேரம் சமாதி வெடித்து, புகை கிளம்பி, செவத்தையா எழுந்துகொண்டிருந்தான். நாடெங்கும் எழுந்தான். வெயிலுகந்தபட்டியில் எழவில்லை. டிவியில் நடந்து ஊரில் நடக்காமல் போனது அதுதான் முதல்முறை. கப்பல் முழுவதும் ஒரு நடுக்கம் ஓடியது. என்ன செய்வதென்று தெரியாமல் அது ஒரு கயிற்றை இறக்கியது. கயிற்றில் சாம்பல் சட்டை போட்ட ஒரு புது ஆள் இருந்தான். திரையின் அடியில் 'இனி இவருக்குப் பதில் இவர்' ஓடியது. அவன் இறங்கி, மூன்று முறை தலையைத் திருப்பி, வெங்காயக்காரப் பெண் ஒருத்தியைப் பார்த்து, "அக்கா! நான்தான் செவத்தையா!" என்றான்.

"அக்கா அங்கிட்டு இருக்காக" என்றாள் அவள்.

பூரணவல்லி அவனைப் பார்த்தாள். திட்டுவதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டாள். அந்த ஆளின் கண்ணில் பயம்தான் இருந்தது. ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். அவன் ஊதிக் குடித்துவிட்டு, "நான் யாருன்னு எனக்கே சரியாச் சொல்லலக்கா" என்றான்.

"சொல்ல மாட்டாங்க. அவங்களுக்கே தெரியாது. நீ வேற பேரு வெச்சுக்கிட்டு இங்கயே இரு. மூட்டை எறக்கத் தெரியுமா?"

பிறகு அவள் நூலகத்துக்குப் போய், புதுவரவுகளை எழுதிப் போடுகிற கரும்பலகையை எடுத்து வந்தாள். சுண்ணக்கட்டியால், எழுத்துப் பிழை இல்லாமல், ஒற்று விடாமல், ஒரு வரி எழுதினாள். அதைக் கயிற்றின் கொக்கியில் மாட்டினாள். வந்தவனுக்குப் பதிலாகப் பலகை மேலே போயிற்று. எல்லோரும் அதைப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படிக்கத் தெரிந்தவர்கள் சொன்னார்கள்.

'இனி இவர்களுக்குப் பதில் நாம்.'

சன்னலில் இப்போதைய அரியநாயகி, மூன்றாமவளோ நான்காமவளோ, அதைப் படித்துவிட்டு நெடுநேரம் நின்றாள். அவள் தலையை ஒருமுறைகூடத் திருப்பவில்லை. பிறகு ஓங்கில், குறுகலான சந்தில் மாட்டிக்கொண்ட லாரி பின்வாங்குகிற மாதிரி, ஒரு தெருவிளக்கைச் சாய்த்துக்கொண்டு பின்னோக்கி நகர்ந்து, சென்னைப் பக்கமாகப் போய் மறைந்தது.

ஊர் முக்காட்டை இழுத்துக்கொண்டு வெயிலுக்குத் தயாராக நின்றது. வெயிலும் வந்தது. பேருந்து நிறுத்தத்தில் அடித்தது, நூலகத்து ஓட்டில் அடித்தது. சந்தைத் திடலில் மட்டும் நிழல் அப்படியே கிடந்தது. புழுங்குகிற கடைசி நிழல் இல்லை. மூன்று பனை உயரத்திலிருந்து விழுகிற, ஓரம் மெத்தென்ற, காற்றோட்டமான பழைய நிழல். மேலே வெறும் வானம். ஊர் ஒருமுறை அண்ணாந்து பார்த்தது. பிறகு கொம்பையா, "லாரி இனி உள்ள வரலாம்" என்றான். அவ்வளவோடு அந்த ஆச்சரியம் தீர்ந்தது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்த நிழலில் கூடுகிறார்கள். விட்ட இடத்திலிருந்து, இரண்டாம் பாகத்தின் முதல் வாரத்திலிருந்து, முறை வைத்து ஆளுக்கு ஒரு வாரம் கதை சொல்கிறார்கள். முந்தின வாரம் வராதவருக்கு முறை கிடையாது. டம்ளர் அதே டம்ளர். ஒருமுறை கொம்பையா ஆர்வத்தில் கப்பலுக்கு வெளியே ஒரு சத்தம் வைத்துவிட்டு, பூரணவல்லியின் முகத்தைப் பார்த்து, தானே எடுத்துவிட்டான். எல்லா வாரமும் நன்றாக இருப்பதாகச் சொல்ல முடியாது. சில வாரம் சகிக்காது, அதையும் அவள் அங்கேயே சொல்லிவிடுகிறாள். முடிவில் யாராவது, "நாம எங்க இருக்கோம்?" என்று கேட்க, எல்லோருமாக, "இருக்கிற இடத்துலதான்" என்று சொல்லிக் கலைகிறார்கள்.

சேதி கேள்விப்பட்டு ஒருநாள் நட்ட நடுப்பகலில் வெள்ளைக் கார் வந்தது. ரோஷன் இறங்கி, நிழலின் ஓரத்தில், வெயிலில் நின்றபடி அதன் நீளத்தையும் அகலத்தையும் கண்ணால் அளந்தார். கூட ஒரு வக்கீல்.

"அனுமதி இல்லாம நீங்க இதைப் பயன்படுத்தக் கூடாது" என்றார் ரோஷன். "இது எங்க நிழல்."

கொம்பையா தலையில் இருந்த மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, புருவத்துக்கு மேல் கையை வைத்து, வானத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மரியாதையாகத் தேடினான்.

"எங்க?" என்றான்.

ரோஷனும் அண்ணாந்து பார்த்தார். கண் கூசவே, இரண்டடி நகர்ந்து நிழலுக்குள் வந்து நின்றுகொண்டார்.